களரியும் மேடையும்: மட்டக்களப்புக் கூத்திலிருந்து பிறந்த புதிய நாடகங்கள்

மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கின்றது. வாவிக்கும் கடலுக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் நிலத்தை எழுவான்கரை என்றும், மேற்கே வயலும் காடுமாய் விரிந்த நிலத்தைப் படுவான்கரை என்றும் அங்குள்ளோர் வழங்குவர். ஞாயிறு எழும் கரை ஒன்று. படும் கரை மற்றொன்று. மாரிப்போக வேளாண்மை வெட்டி முடிந்து, நெல்லும் வீடு வந்து சேர்ந்தபின், நிலாக்காலத்து இரவுகளில் இவ்விரு கரைகளிலும் உள்ள ஊர்களிலே மத்தளம் ஒலிக்கத் தொடங்கும். கூத்துப் பழகுகின்றார்கள் என்று அயலூரார் அறிந்துகொள்வர்.

நேயர்களே, அக்கூத்தின் முழு வரலாற்றையும் இச்சிறு பொழுதிற் கூறுதல் இயலாது. பழங்கலை ஒன்றிலிருந்து புதிய படைப்பொன்றைச் செய்ய விரும்பிய சிலர் இந்த வாவிக்கரையிலே யாது செய்தனர், பழமையிலிருந்து எதனைக் கொண்டனர், எதனை விட்டனர் என்பதையே இன்று எடுத்துக்கொள்கின்றேன். பழையதைப் பார்த்துப் புதியதைச் செய்தல் என்று சொல்வது எளிது. யாரிடமிருந்து பார்ப்பது, எவ்வளவு காலம் பார்ப்பது என்ற வினாக்கள் எழும்போதுதான் செயலின் அருமை விளங்குகின்றது.

இப்பகுதியிலே இம்முயற்சியை முதலிற் பெரிய அளவில் மேற்கொண்டவர் காரைதீவிலே 1892 இற் பிறந்த சுவாமி விபுலானந்தர். நாடகத்தைப் பற்றி அவர் எழுதிய மதங்க சூளாமணி 1926 இல் வெளிவந்தது. பழந்தமிழ் நூல்களில் நாடகம் பற்றிக் கிடைக்கும் செய்திகளையும், வடமொழித் தசரூபகத்தின் இலக்கணத்தையும், சேக்சுபியர் நாடகங்கள் பன்னிரண்டின் அமைப்பையும் ஒருங்கு வைத்து ஆராய்ந்து, இனித் தமிழில் நாடகம் செய்வார்க்கு ஒரு வழி காட்டுவது அந்நூலின் நோக்கம். அதன் கவனம் ஏட்டு மரபிலே நின்றது. சுவாமிகள் பிறந்த ஊரைச் சூழ விடியவிடிய ஆடப்பட்ட கூத்து அந்த ஆராய்ச்சியில் இடம்பெறவில்லை. அக்காலத்துக் கற்றோர் பலரின் நிலையும் அதுவே ஆகையால் அவரை மாத்திரம் குறைகூறுதல் பொருந்தாது.

சுவாமிகளின் பெருமுயற்சி யாழ் நூல். சிலப்பதிகாரம் முதலிய நூல்களிலும் அவற்றின் உரைகளிலும் சிதறிக் கிடந்த குறிப்புகளைப் பல்லாண்டு திரட்டி, நரம்புகளின் அளவுகளைக் கணக்கிட்டு, வழக்கொழிந்து போன யாழ் வகைகளின் உருவத்தையும் இசையையும் மீட்டெடுக்க அவர் முற்பட்டார். 1947 ஜூன் மாதத்திலே திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அந்நூல் அரங்கேறியபொழுது, அவர் கணக்கின்படி அமைத்த யாழ்கள் அவையோர் கேட்க மீட்கப்பட்டன. அடுத்த மாதமே சுவாமிகள் மறைந்தார். கரந்தைத் தமிழ்ச் சங்கம் வெளியிட்ட யாழ் நூலை இன்றும் இசையறிஞர் போற்றுகின்றனர். ஆயினும் யாழ் என்ற கருவி நமது இசையரங்குகளுக்குத் திரும்பி வரவில்லை. காரணம் தேடி நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. யாழ் வாசித்த பாணரின் மரபு பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே அறுந்துவிட்டது. நரம்பின் நீளத்தை ஏட்டிலிருந்து கணித்தறியலாம்; அந்நரம்பின் மேல் விரல் எவ்வாறு சென்றது என்பதை ஏடு சொல்வதில்லை.

இதற்கு ஒப்பான நிகழ்ச்சி ஒன்று மேனாட்டிலும் நடந்தது. அயர்லாந்துக் கவிஞர் யேற்சு, ஜப்பானியரின் நோ நாடகத்தால் ஈர்க்கப்பட்டு, 1916 இலே பருந்தொன்று காவல்செய்யும் கிணறு பற்றிய நாடகம் ஒன்றை இலண்டனில் ஆடச்செய்தார். அவர் நோ நாடகத்தை ஜப்பானியக் களத்திலே கண்டவரல்லர். ஃபெனலோசா விட்டுச்சென்ற குறிப்புகளை எஸ்ரா பவுண்ட் செப்பஞ்செய்ய, அவற்றைப் படித்தே அறிந்தார். பருந்தாக ஆடிய மிச்சியோ இட்டோ ஜப்பானியரே எனினும் நோ மரபிற் பயின்றவர் அல்லர். நாடகம் அழகியதுதான். அதனை யேற்சின் நாடகம் என்று கொள்ளலாமேயன்றி நோவின் வழித்தோன்றல் என்று கொள்ளுதல் கடினம்.

மட்டக்களப்புக் கூத்தின் நிலை யாழின் நிலை போன்றதன்று. அதனை ஆடுவோரும் ஆட்டுவிப்போரும் இருந்தனர், இன்றும் இருக்கின்றனர். அவர்கள் அதனை எவ்வாறு கற்கின்றனர் என்பதைச் சிறிது விரிவாகச் சொல்லவேண்டும். பின்னர் வந்த புதுமையின் அளவு அப்பொழுதுதான் தெரியும்.

ஊரார் கூடி, இவ்வாண்டு இன்ன கூத்தை ஆடுவோம் என்று முடிவுசெய்து அண்ணாவியாரை அழைப்பர். அண்ணாவியார் என்பவர் பாட்டும் ஆட்டமும் மத்தளமும் ஒருங்கே அறிந்த ஆசான். இளைஞரின் குரலையும் உடற்கட்டையும் நோக்கி, தருமனுக்கு இவன், வீமனுக்கு இவன் என்று அவர் தீர்மானிப்பார். வேடத்துக்குரிய பாடல்களைக் கையளிக்கும் சடங்கைச் சட்டங்கொடுத்தல் என்பர். பின்னர் மாதக்கணக்காக இரவுதோறும் பயிற்சி நடைபெறும். வயலிலே பகலெல்லாம் நின்ற கால்கள் இரவிலே தாளத்துக்கு அடிவைக்கப் பழகும். அடிகள் தேறிய பின்னரே காலிற் சதங்கை கட்டுவர். சதங்கை கட்டும் நாள் ஊருக்கு ஒரு சிறிய திருவிழா. அதற்குப் பின் களரியேற்றம், முடிவிலே அரங்கேற்றம். அரங்கேறிய பின்னும் கூத்து முடிந்துவிடுவதில்லை. வேடம் புனைந்தோர் வீட்டுக்கு வீடு சென்று முற்றத்தில் ஆடுவர். வீட்டார் தம்மால் இயன்றதைக் கொடுப்பர்.

ஆடும் இடம் வட்டக்களரி. மண்ணை வட்டமாக உயர்த்தி, சுற்றிலும் கம்புகள் நட்டு, மேலே வெள்ளை கட்டுவர். முற்காலத்திலே பந்தங்களின் ஒளி; பின்னர் பெற்றோல்மாக்சு விளக்குகள் வந்தன. மக்கள் நாற்புறமும் அமர்ந்திருப்பர். அண்ணாவியாரும் தாளக்காரரும் பிற்பாட்டுக்காரரும் ஏடு பார்ப்பவரும் திரைக்குப் பின்னே மறைந்திருப்பதில்லை. களரியினுள்ளேயே கூத்தரோடு நிற்பர். கூத்தனுக்கு முன்புறம் என்றோ பின்புறம் என்றோ ஒன்றில்லை. எந்தத் திசையில் இருப்பவரும் தன் முகத்தைக் காணும்படி அவன் சுழன்று வரவேண்டும். எட்டுப்போடுதல், வீசாணம், பொடியடி, குத்துநிலை என்னும் ஆட்டங்கள் வட்டத்திலே பிறந்தவை. வட்டத்தை அகற்றிவிட்டு அவற்றை விளங்கிக்கொள்ள முயல்வது, வாவியை அகற்றிவிட்டுத் தோணியைப் பார்ப்பது போலாகும்.

கூத்திலே இரு மோடிகள் உண்டு. வடமோடிக் கூத்துகள் பெரும்பாலும் பாரதம், இராமாயணம் ஆகியவற்றிலிருந்து போர்க்கதைகளை எடுத்துக்கொள்வன. ஆட்டம் விறுவிறுப்பானது, கரப்புடுப்பும் கனத்த முடியும் அதற்கு உரியன. தென்மோடிக் கூத்துகளிலே காதற்கதைகள் மிகுதி, முடி பூமுடி, பாட்டில் இழைவும் அடிகளில் நுட்பமும் கூடும். தென்மோடிக் கூத்தாகிய அலங்காரரூபன் நாடகம் 1962 இல் நூலாக அச்சேறியது. இம்மோடிகளின் வேறுபாட்டை இன்னும் விரிப்பேன். ஆனால், வானொலியிலே ஆட்டத்தைக் காட்டவியலாது. சதங்கையின் ஒலியும் மத்தளத்தின் ஒலியும் மட்டுமே உங்களுக்கு எட்டும். அது கூத்தின் பாதி.

இனிப் பேராதனைக்குச் செல்வோம். மட்டக்களப்புக் கூத்துப் புதிய மேடையைக் கண்டது அங்குள்ள பல்கலைக்கழகத்திலே ஆகும். அதற்குத் தூண்டுதலாய் அமைந்தது ஒரு சிங்கள நாடகம். எதிரிவீர சரச்சந்திர சிங்களக் கிராமிய நாடகங்களை ஆராய்ந்து 1953 இல் நூலொன்றை வெளியிட்டார். அவ்வாராய்ச்சியின் பயனாக 1956 நவம்பரில் அவருடைய மனமே கொழும்பிலே மேடையேறியது. பௌத்த சாதகக் கதை ஒன்றை, நாடகம என்னும் பழைய சிங்கள ஆட்டமுறையிலே அமைத்த நாடகம் அது. அம்முறையை அறிந்த அம்பலாங்கொடைப் பகுதியைச் சேர்ந்த சார்ல்ஸ் சில்வா குணசிங்க குருன்னான்சேயைப் பல்கலைக்கழக மாணவரிடம் அழைத்துவந்து அவர் பயிற்சி கொடுக்கச் செய்தார். மனமே ஒரே இரவிலே சிங்கள நாடகத்தின் போக்கை மாற்றியது என்பர்.

இதிலே தமிழர் கவனிக்கவேண்டிய செய்தி ஒன்றுண்டு. சிங்கள நாடகம என்ற வடிவமே தமிழ்க் கூத்தின் வழியிலே தென்னிலங்கைக்குச் சென்ற ஒன்று. விருத்தம், சிந்து, இன்னிசை முதலிய பெயர்களைச் சிங்கள நாடகமும் சிறிது உருமாற்றி வழங்கியது. மத்தளம் அங்கும் மத்தளமே. சகோதர மொழியினர் தமிழரிடமிருந்து பெற்றதைப் பேணி, அதிலிருந்து ஓர் உயர்ந்த படைப்பைச் செய்துகாட்ட, தமிழ் கற்றோரோ தம் ஊர்க் கூத்தைப் பாமரர் பொழுதுபோக்கு என்று ஒதுக்கி வைத்திருந்தனர். பேராதனையிலே தமிழ் கற்பித்த கலாநிதி சு. வித்தியானந்தனை இந்நிலை உறுத்தியது. அவர் யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழையைச் சேர்ந்தவர். மட்டக்களப்புக் கூத்து அவர் பிறந்த ஊரின் உடைமையன்று. கலைக்கழகத்தின் தமிழ் நாடகக் குழுவுக்குத் தலைமை தாங்கிய காலத்திலே அவர் ஊரூராகச் சென்று கூத்துகளைக் கண்டார். அண்ணாவிமாரைத் தேடிக் கண்டு மதிப்பளித்தார். கூத்து ஏடுகள் அச்சேற வழிசெய்தார்.

பேராதனையிலே 1962 இற் கர்ணன் போர் மேடையேறியது. மறு ஆண்டு நொண்டி நாடகம். 1964 இல் இராவணேசன். 1968 இல் வாலி வதை. இந்நான்கினுள்ளே முதலாவதையும் மூன்றாவதையும் தனித்து நோக்க வேண்டும். அவற்றிடையே உள்ள இரண்டு ஆண்டுத் தூரம் சிறியதன்று.

கர்ணன் போருக்கு மாணவரைப் பழக்கியவர் வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியார். பல்கலைக்கழகத்துக்கு ஆசானாக வந்தவர் ஊரிலே கூத்துப் பழக்கிய ஒருவர் என்பதை நினைவிற் கொள்ளவேண்டும். கலாநிதியும் மாணவரும் அவரிடம் கற்போராய் நின்றனர். சரச்சந்திரவும் இதனையே செய்தார் என்பதை முன்னர்க் கண்டோம். புத்தகத்தைப் படித்துவிட்டுத் தாமே கூத்தை அமைத்துக்கொள்ள இவர்கள் முற்பட்டிருந்தால், கூத்துப்போன்ற ஒன்று கிடைத்திருக்கும்.

விடியவிடிய ஆடும் கூத்து ஏறக்குறைய ஒன்றரை மணி நேர நாடகமாகச் சுருங்கிற்று. எவ்வாறு சுருங்கிற்று? களரியிலே கூத்தன் ஒரு பாட்டைப் பாடுவான். பிற்பாட்டுக்காரர் அதனைத் திருப்பிப் பாடுவர். பின்னர் அதற்குரிய தாளத்துக்கு அவன் ஆடுவான். வரவு ஆட்டம் மாத்திரமே நெடுநேரம் செல்லும். திருப்பிப் பாடுதலைக் குறைத்து, வரவுகளைச் சுருக்கி, கதைக்கு இன்றியமையாத பாட்டுகளை மாத்திரம் நிறுத்தினால் எட்டு மணி நேரம் ஒன்றரை மணியாகும். நகரத்து அவைக்கு இது பொருந்திற்று. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் கூத்தைக் கண்டிராத படித்த வகுப்பினர் வியந்து பார்த்தனர். எனினும் அத்திருப்பிப் பாடுதல் வீண் நீளமன்று என்பது என் கருத்து. எழுத்தறியாத தாய்மாரும் பிள்ளைகளும் கூத்துப் பாட்டுகளை மனனஞ்செய்தது அந்த இரண்டாம் முறையிலேதான். ஒருமுறை கேட்டால் அது செய்தி. இரண்டாம் முறை பிற்பாட்டாக வரும்போது கேட்பவர் வாயும் சேர்ந்து அசையும். மண்டபத்திலே அமர்ந்திருந்தோர் சேர்ந்து பாடவேண்டியவர்கள் அல்லர். ஆகவே அது அங்கே தேவைப்படவில்லை.

வட்டமும் மாறிற்று. ஒரு பக்கம் மாத்திரம் திறந்த மேடையிலே கூத்தர் ஒரே திசையைப் பார்க்கவேண்டியவராயினர். அண்ணாவியாரும் பாடுவோரும் மேடையின் ஓரத்தில் அமர்ந்தனர். சுற்றிவந்து ஆடும் ஆட்டம் அவையோரின் கண்ணுக்குப் பாதி மறைந்துபோகும் ஆதலால், கோலங்களை முன்நோக்கி விரித்து அமைக்கவேண்டியதாயிற்று. ஒளியும் உடையும் புதிதாய்த் திட்டமிடப்பட்டன. நடிப்பு என்பது கூடுதலாக வந்து சேர்ந்தது. களரியிலே கூத்தன் ஆடுவான், பாடுவான், ஆனால் முகத்திலே உணர்ச்சியைத் தேக்கி நிறுத்துதல் அங்கே பெரிதாகக் கருதப்படுவதன்று.

இவ்வளவு மாறிய பின்னும் கர்ணன் போர் செப்பஞ்செய்த பழங்கூத்தே. இராவணேசன் அவ்வாறன்று. அதன் எழுத்துரு புதிது. அதனை எழுதியவர் மட்டக்களப்பைச் சேர்ந்த மாணவர் சி. மௌனகுரு, இராவணனாக ஆடியவரும் அவரே, நெறிப்படுத்தியவர் வித்தியானந்தன். மௌனகுரு வந்தாறுமூலை மத்திய மகா வித்தியாலயத்திலே படித்த காலத்திலேயே கூத்தாடியவர். கூத்தின் அடிகளைக் காலிலே கொண்டுவந்த ஒருவர் கம்பனையும் உலக நாடக இலக்கியத்தையும் பல்கலைக்கழகத்திலே கற்றபோது விளைந்த படைப்பு அது.

களரியிலே இராவணன் அழிதற்குரிய அரக்கன். கதை யாவர்க்கும் தெரியும். போர் எப்பொழுது வரும் என்றே காத்திருப்பர். இராவணேசனிலோ போர் தொடங்கிவிட்டது. தம்பியையும் மைந்தனையும் இழக்கும் ஒரு வேந்தன், தன் மானத்துக்கும் தன் துயரத்துக்கும் இடையே நின்று தவிக்கின்றான். மண்டோதரி தடுக்கின்றாள். அவன் கேட்கவில்லை. தோற்பது உறுதி என்று அறிந்தும் தேரேறுகின்றான். இத்தகைய உட்போராட்டத்தைக் காட்டுவதற்குக் கூத்தின் அடிகள் போதுமா என்ற ஐயம் இயல்பாக எழும். வடமோடியின் விறுவிறுப்பான ஆட்டம் வீரத்துக்கு உரியது. தயங்கும் மனத்தை அதிலே எவ்வாறு காட்டுவது? இங்கேதான் மரபிலே பயின்றதன் பயன் வெளிப்பட்டது. அடி என்பதைப் பொருளற்ற ஓர் அழகாகப் பாராமல், எத்தாளம் எவ்வுணர்ச்சிக்கு இடங்கொடுக்கும் என்று ஆராய்ந்து, விரைவு அடியைத் தளர்த்தியும் இடையிலே நிறுத்தியும் கையாளலாம் என்று கண்டனர். அடியைத் தளர்த்துவதற்கு முன் அதனை முழுவிரைவில் ஆடத் தெரிந்திருக்க வேண்டும் என்பதை ஆடற்கலை பயின்ற எவரும் ஒப்புவர்.

மௌனகுரு 1969 இல் மேலும் ஓரடி சென்றார். அவருடைய சங்காரம் என்ற நாடகத்திலே புராணமும் இல்லை, இதிகாசமும் இல்லை. மனித சமூகத்தைச் சிறைப்படுத்தி வைத்திருக்கும் பேதங்கள் அரக்கர்களாய்க் களத்திலே வருகின்றன. உழைப்போர் அவற்றோடு பொருது சமூகத்தை மீட்கின்றனர். முழுவதும் வடமோடி ஆட்டம். அரக்கனின் வரவு எவ்வாறு ஆடப்படும் என்பது பார்ப்போர்க்கு முன்னரே பழக்கம். அந்த ஆட்டத்துடன் சாதி என்ற அரக்கன் வந்து நின்றபோது விளக்கவுரை வேண்டியிருக்கவில்லை. கொள்கை சற்று மேலோங்கி நிற்கும் நாடகம் அது என்று சொல்வாரும் உளர். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும், அரசரையும் அசுரரையும் ஆடுவதற்கென்றே அமைந்தது என்று எண்ணப்பட்ட வடிவம் தொழிலாளியையும் தாங்கும் என்பதை அது காட்டிவிட்டது. தமிழகத்திலே ந. முத்துசாமி கூத்துப்பட்டறையைத் தொடங்கியது 1977 இல் என்பதையும் இங்கே நினைவுகூரலாம். தெருக்கூத்திலிருந்து புதிய நாடகம் தேடிய அம்முயற்சிக்குச் சில ஆண்டுகள் முன்னரே ஈழத்திலே இத்துறையிற் கணிசமான வேலை நடந்திருந்தது.

இனி மறுபக்கத்தையும் கூறவேண்டும். பேராதனை நாடகங்களால் கூத்துக்குக் கற்றோரிடம் மதிப்பு வந்தது என்பதில் ஐயமில்லை. பாடசாலைகளிலும் பல்கலைக்கழகங்களிலும் அது ஆய்வுக்குரிய பொருளாயிற்று. மௌனகுருவே மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களை ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்றார். அந்த ஆய்வு 1998 இல் நூலாக வந்தது. ஆனால் களரிக்கு என்ன வந்தது? மண்டபத்திலே ஒன்றரை மணி நேரம் ஆடியதே திருந்திய கூத்து என்றால், ஊரிலே விடியும்வரை ஆடப்படுவது திருந்தாத கூத்தா? செம்மைப்படுத்தல் என்ற சொல்லே ஊராரின் கலையைக் குறைபட்டதாகக் காட்டிற்று என்பது கடுமையான குற்றச்சாட்டு. நாட்டுக்கூத்து என்ற பெயரையும் சிலர் விரும்புவதில்லை. ஊரார் அதனை என்றும் கூத்து என்றே சொல்லிவந்தனர்.

இக்கருத்தை வலியுறுத்தியவர்களுள் கிழக்குப் பல்கலைக்கழகத்து சி. ஜெயசங்கர் குறிப்பிடத்தக்கவர். 2000 ஆம் ஆண்டுகளின் தொடக்கத்திலே மட்டக்களப்பு நகரையடுத்த சீலாமுனையிலே அவரும் அவரோடு சேர்ந்தோரும் கூத்து மீளுருவாக்கம் என்ற முயற்சியை மேற்கொண்டனர். மேடைக்காகக் கூத்தை ஊரிலிருந்து வெளியே எடுத்துச் செல்வதை விடுத்து, ஊரிலேயே, வட்டக்களரியிலேயே, அண்ணாவியாரும் கூத்தரும் ஊர்ப் பெண்களும் ஒருங்கிருந்து, பழைய பாடல்களில் இன்றைக்கு ஒவ்வாதவை எவை, பெண்ணையும் சாதியையும் பற்றி அவை சொல்வன யாவை என்று பேசித் தீர்மானித்து மாற்றுவது அதன் வழி. மாற்றும் உரிமை ஆடுவோரிடமே இருக்கவேண்டும் என்பது அதன் அடிப்படை. போர்க்காலத்திலே இரவு முழுதும் வெளியிலே கூடியிருத்தல் பல ஊர்களுக்கு இயலாததாகி, களரிகள் சோர்ந்திருந்த பின்னணியில் இம்முயற்சி நடந்தது என்பதையும் மறத்தலாகாது.

இவ்விரு வழிகளுக்கும் இடையே ஒன்றைத் தெரிந்தெடுக்கும்படி கேட்டால் என் விடை இதுவே. சீலாமுனையிலே நடந்தது ஒரு சமூகம் தன் கலையைத் தானே திருத்திக்கொண்டமை. இராவணேசன் ஒரு கலைஞனின் படைப்பு. முன்னதற்கு ஊரின் சம்மதம் வேண்டும்; பின்னதற்குக் கலைஞனின் துணிவு வேண்டும். இராவணேசனைத் திருந்திய கூத்து என்று அழைத்ததனாலேயே இப்பூசல் வளர்ந்தது. அதனைக் கூத்து மரபிலே பிறந்த புதிய நாடகம் என்று அழைத்திருந்தால், களரி தன் இடத்திலும் நாடகம் தன் இடத்திலும் நின்றிருக்கும். பெயர் வைப்பதிலே கற்றோர் காட்டிய அவசரம் அண்ணாவிமாருக்கு மனத்தாங்கலாய் முடிந்தது.

இராவணேசன் 1964 ஓடு நின்றுவிடவில்லை. மட்டக்களப்பிலே 1981 இற் பல்கலைக்கழகக் கல்லூரி ஒன்று தொடங்கி, 1986 இல் அது கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. மௌனகுரு அங்கே நுண்கலைத் துறையிலே பேராசிரியராய் இருந்து, 2000 ஆம் ஆண்டுகளிலே அந்நாடகத்தைத் திருத்தி எழுதி மாணவரைக் கொண்டு மீண்டும் மேடையேற்றினார். தாம் இளமையில் ஆடிய இராவணனை, தலை நரைத்த பின், இளைஞன் ஒருவனுக்கு அடியடியாகச் சொல்லிக்கொடுத்தார். ஓய்வுபெற்ற பின் மட்டக்களப்பு நகரிலே அரங்க ஆய்வுகூடம் ஒன்றை அமைத்தும் இப்பயிற்சியைத் தொடர்ந்தார்.

அப்பல்கலைக்கழகம் இருக்குமிடம் மட்டக்களப்பு நகரிலிருந்து வடக்கே 16 கிலோமீற்றர் தொலைவில் உள்ள வந்தாறுமூலை. கல்லூரியாக அது தொடங்கியபோது அதற்குக் கொடுக்கப்பட்ட கட்டடங்கள் வந்தாறுமூலை மத்திய மகா வித்தியாலயத்தினுடையவை. மௌனகுரு மாணவனாகக் கூத்தாடிய பள்ளிக்கூடம் அது. செல்லையா அண்ணாவியாரின் ஊரும் அதுவே.